எர்த் ரிலேயில் பழுது இல்லை

ஜூலை பிறந்து காற்று சீராக வீச ஆரம்பித்துவிட்டால், எங்கள் பொந்தியானாக் நகரத்தில் மாலை வேளையில் ஆண்களை வீட்டில் பார்க்க முடியாது. அஸர் தொழுகை முடிந்ததும் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் இதில் அடக்கம். நீங்கள் ஜாவாவிலிருந்து வந்திருக்கிறீர்கள். அங்கே பட்டம் பிள்ளைகளின் விளையாட்டாக இருக்கலாம். இங்கே அது பந்தயம், மானம், சில வீடுகளில் மாமனும் மச்சானும் பேசிக்கொள்ளாமல் இருப்பதற்கான காரணம். நூலில் விட்டால் எதிராளி அறுத்துவிடுவான் என்று பலர் மெல்லிய எஃகுக் கம்பியில் விடுகிறார்கள். கம்பியும் சில நேரம் அறும். அறுந்தால் பட்டம் காற்றோடு போகும், கம்பி அதன் பின்னால் வால் போல இழுபட்டுப் போகும். போகிற வழியில் எங்கள் உயரழுத்த மின்சார லைன் இருக்கிறது.

அன்று எர்த் ரிலே ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் மறந்துவிடவில்லை. ஆனால் பட்டத்திலிருந்து தொடங்கினால்தான் அது புரியும். நீங்கள் இன்ஜினியர், உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். உங்களோடு உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரருக்கும் புரியவேண்டும் அல்லவா. அவசரப்படாமல் சொல்கிறேன்.

துணைமின் நிலையத்துக்கு வருகிறவர்கள் வெளியே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்களைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். உள்ளே, குளிரூட்டிய அறையில், சாம்பல் நிற அலமாரிகளில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளை யாரும் பார்ப்பதில்லை. அவைதான் ரிலேக்கள். லைனில் ஏதாவது தவறு நடந்தால் முதலில் தெரிந்துகொள்வது அவை. தெரிந்ததும் பிரேக்கருக்குச் செய்தி அனுப்பும், பிரேக்கர் திறந்துகொள்ளும், லைன் செத்துவிடும். நாங்கள் அதை ட்ரிப் என்போம், அல்லது லைன் விழுந்தது என்போம்.

அந்தப் பெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எர்த் ரிலே. அது செய்வது ஒரு கூட்டல் கணக்கு, அவ்வளவுதான். லைனில் மூன்று கம்பிகள். மூன்றிலும் ஓடும் மின்சாரத்தை எந்த நொடியில் கூட்டினாலும் விடை பூஜ்யம் வரவேண்டும். ஒன்றில் போவது மற்ற இரண்டில் திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் வரவில்லை என்றால், கொஞ்சம் மின்சாரம் வேறு எந்த வழியிலோ மண்ணுக்குப் போகிறது. மரத்தின் வழியாக இருக்கலாம். பட்டக் கம்பியின் வழியாக இருக்கலாம். ஒரு மனிதன் வழியாகவும் இருக்கலாம். யார், என்ன என்று ரிலே கேட்பதில்லை. மிச்சம் வருகிறது என்று தெரிந்ததும் உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு இழுபடும், முகப்பில் ஆரஞ்சு நிறக் கொடி ஒன்று விழும், வெளியே பிரேக்கர் திறக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எங்களுடையது பழைய வகை, கணினி கிடையாது, தானாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பதினெட்டு வருடம் அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ரிலே இரண்டு விதமாகத் தவறலாம். விழக்கூடாத நேரத்தில் லைனை விழவைக்கலாம். விழவேண்டிய நேரத்தில் விழவைக்காமல் இருந்துவிடலாம். ஒன்றைக் குறைக்கப் பார்த்தால் மற்றது கூடும். இந்தத் தொழிலே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடுவதுதான். முதல் தவறை ஊரே பார்க்கும்: விளக்கு அணையும், ஃபோன் அடிக்கும், திட்டு விழும். இரண்டாவது தவறு, தேவைப்படுகிற நாள் வரும்வரை யாருக்கும் தெரியாது. அந்த நாள் வராமலே போய்விடவும் கூடும்.

பட்டக் காலத்தில் நாங்கள் முதல் தவறுக்காகத்தான் திட்டு வாங்கினோம். உண்மையில் அது தவறே அல்ல. கம்பி லைனில் விழுந்தது, ரிலே பார்த்தது, பிரேக்கரைத் திறந்தது. சரியான வேலை. ஆனால் நகரத்தில் பாதிக்கு விளக்கு இல்லை. ஆற்றோரத்தில் மீன் வியாபாரிகளின் ஐஸ் உருகுகிறது, தொழுகைக்கு அழைக்கும் ஒலிபெருக்கி பாதியில் நிற்கிறது, காலேஜ் பிள்ளைகள் எங்கள் பெயரை ஃபோனில் போட்டுக் கிழிக்கிறார்கள்.

ஆக்கியோங்கின் காப்பிக் கடைக்கு நான் தினமும் போவேன். உங்கள் ஊரில் மாஸ் என்பது போல எங்களுக்கு பாங், அண்ணன் என்று அர்த்தம். நான் நுழைந்தாலே அவன் குரல் கொடுப்பான்.

"பாங் ஜம் வந்துட்டாரு. யாராவது மெழுகுவத்திய எடுத்து வைங்கப்பா."

பட்டக்காரர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மாட் டோலா என்று ஒருவன், படகு மோட்டார் பழுது பார்ப்பவன், வாய் ஓயாது.

"நாங்க பட்டம் விட்டா உங்க லைன் ஏன் பாங் மயக்கம் போட்டு விழுது? புதுப் பொண்ணா அது?"

"கம்பில விடாதீங்கடா, நூல்ல விடுங்க" என்றேன்.

"நூல்ல விட்டா அந்த அக்கரை சியாந்தான் பசங்க அறுத்துடுவாங்க. நீங்க வந்து மானத்தக் காப்பாத்துவீங்களா?"

அந்த மாட் டோலாவின் மச்சானுக்கு முந்தின வருடம் கம்பி வழியாக மின்சாரம் பாய்ந்தது. உள்ளங்கை கருகியது, உயிர் போகவில்லை. அவன் காப்பிக் கடையில் சட்டையை விலக்கி, கழுத்தில் தொங்கிய தாயத்தை எல்லோருக்கும் காட்டினான். செங்காங்கில் ஒரு பெரியவர் கட்டிவிட்டதாம்.

"ஒன்றரை லட்சம் வோல்ட்டு. என் மேல பட்டதும் லைன்தான் செத்துச்சு, நான் சாகல."

அவனைக் காப்பாற்றியது எர்த் ரிலே. நான் அதைச் சொன்னேன். மிச்சம் வந்ததும் அது எப்படிப் பார்த்தது, எவ்வளவு விரைவாக லைனை விழவைத்தது என்று மேசை மேல் மூன்று காப்பிக் கரண்டிகளை வைத்து விளக்கினேன். பாதியில் மாட் டோலா ஒரு கரண்டியை எடுத்துத் தன் காப்பியைக் கலக்கினான். கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரன் என்று என்னை யாரும் சொல்லமாட்டார்கள், விசாரித்துப் பாருங்கள்.

பாக் வார்தோயோவும் என்னிடம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், அவர்மேல் பழி போகவேண்டாம். அவர் எங்கள் மேலாளர், நல்ல மனிதர். கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான்: "போன சீசன்ல மாகாணத்துலயே நம்ம ஸ்டேஷன்தான் அதிகமா விழுந்துச்சு. பக்கத்து ஸ்டேஷன்காரங்க என்னப் பாத்து சிரிக்கிறாங்க. மாஸ் ஜம்ஹாரி, இந்த சீசன்ல விழாமப் பாத்துக்குங்க." எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரிலேயின் முகப்புக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைப் பட்டை இருக்கும். லிங்க் என்போம். ரிலே அனுப்பும் செய்தி அதன் வழியாகத்தான் பிரேக்கருக்குப் போகும். சோதனை செய்யும்போது, ரிலே விழுந்தாலும் லைன் விழக்கூடாது என்பதற்காக அந்த லிங்கைத் தளர்த்தி ஒதுக்கிவைப்போம். சோதனை முடிந்ததும் முறுக்கிவிடுவோம். அந்த ஜூலையில் எர்த் ரிலேயைச் சோதித்தேன். நன்றாக வேலை செய்தது. லிங்கை முறுக்கவில்லை.

மறதி இல்லை. திருப்புளி கையில்தான் இருந்தது.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெரிய பிழைகளைப் பார்க்கும் மற்ற ரிலேக்களை நான் தொடவே இல்லை. கம்பியோடு கம்பி மோதினால், கோபுரத்தில் இடி விழுந்தால், லைன் வழக்கம்போல விழுந்திருக்கும். மண்ணுக்குக் கொஞ்சமாகப் போகிற மின்சாரத்தை மட்டும்தான் விட்டுவைத்தேன். பெரும்பாலும் பட்டக் கம்பி மரக்கிளையில் உரசும், ஒரு தீப்பொறி வரும், கம்பி உருகி அறுந்து விழும். தானாகத் தொடங்கியது தானாக முடிந்துவிடும். முகப்பில் கொடி விழுந்திருக்கும், நான் அதை விரலால் தூக்கிவைத்துவிடுவேன். வெளியே நகரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அந்தப் பருவம் எவ்வளவு அமைதியாகப் போனது தெரியுமா? ஜூலை முழுக்க லைன் விழவில்லை. ஆகஸ்டிலும் இல்லை. சுதந்திர தினத்தன்று வானம் முழுக்கப் பட்டம், லைன் அசையவில்லை. ஆக்கியோங் மெழுகுவத்திப் பேச்சை விட்டான். "என்ன பாங், லைனுக்கும் தாயத்து கட்டிட்டீங்களா?" என்று கேட்டு, காப்பிக்கு என்னிடம் காசு வாங்க மறுத்தான். பாக் வார்தோயோ தோளில் தட்டினார். அந்த அமைதி எனக்குப் பழகிவிட்டது. சில நாள் வேலை முடிந்த பிறகும் ரிலே அறையில் உட்கார்ந்திருப்பேன், ஏசி ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி.

இனி உசோப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

உசோப் லைன் ரோந்துக்காரன், என்னைவிட இளையவன். லைனில் சிக்கிய பட்டங்களை எடுப்பது அவனும் லிபெர்துஸும். லிபெர்துஸ் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வந்த டாயாக் பழங்குடிக்காரன், உடம்பு பலம், பேச்சு குறைவு, உசோப் சீண்டினால் மட்டும் வாய் திறப்பான். பட்டக் காலத்தில் ஒவ்வொரு நாளும் லைனை அணைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், உயிருள்ள லைனிலேயே நீளமான ஃபைபர் கம்பால் கம்பியைச் சுருட்டி எடுப்பார்கள். ஆபத்தான வேலைதான். அதற்காகச் சில ஒழுங்குகள் உண்டு. கம்பைத் தூக்குவதற்கு முன் உசோப் என்னை ஃபோனில் கூப்பிடுவான். விழுந்த பிரேக்கர் தானாக மறுபடி மூடிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அவன் கூப்பிட்டதும் நான் அதை நிறுத்திவைக்கவேண்டும். லைன் ஒருமுறை விழுந்தால் விழுந்ததாகவே இருக்கும், அவன்மேல் இரண்டாவது முறை மின்சாரம் வராது.

இது விதிப் புத்தகத்தில் இருப்பது. அதில் இல்லாத ஒரு கேள்வியும் அவன் கேட்பான். வேலைக்கு வந்த முதல் வருடத்திலிருந்து கேட்கிறான். அதற்குப் பதில் கிடைக்காமல் கம்பைத் தொடமாட்டான்.

அன்று மாலையும் கூப்பிட்டான்.

"பாங் ஜம், உங்க ரிலே முழிச்சிருக்கா?"

"முழிச்சிருக்கு. நீ?"

"நான் ரெண்டு காப்பி குடிச்சிருக்கேன். இந்த லிபெர்துஸ்தான் கொட்டாவியா விடறான்."

பின்னாலிருந்து லிபெர்துஸின் குரல் கேட்டது, என்னை அவன் மரியாதையாக பாக், ஐயா என்றுதான் கூப்பிடுவான். "புளுகறான் பாக். விடிய விடிய டோமினோ ஆடினவன் அவன். தோத்து, மூஞ்சில மாவு பூசிக்கிட்டு உக்காந்திருந்தான். அவன் பொண்டாட்டி ருக்காயாவே பாத்து சிரிச்சுது."

"அவ என்னப் பாத்து எப்பவும் சிரிப்பா, உனக்கென்ன" என்றான் உசோப். பிறகு என்னிடம், "பாங், இது கொஞ்சம் முரட்டுப் பட்டம். கம்பி நெறைய தொங்குது, காத்தும் இருக்கு. ரிலே நல்லா முழிச்சிருக்குல்ல?"

"முழிச்சிருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அந்தப் பருவம் முழுக்க அவன் கேட்டபோதெல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தேன். ஒரு பொய்யும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரிலே விழித்துத்தான் இருந்தது. லிங்க் இருக்கும் அலமாரி என் நாற்காலிக்குப் பின்னால், எழுந்தால் கை எட்டும் தூரம். முறுக்கியிருக்கலாம் என்பீர்கள். அதையும் யோசித்தேன். காற்றில் கம்பி ஆடுகிறது. அது எதையாவது உரசி லைன் விழுந்தால் மக்ரிப் தொழுகை நேரத்தில் நகரத்துக்கு விளக்கு போகும். ஒரு பருவத்தின் வேலை ஒரு நொடியில் வீணாகும். உசோப் கெட்டிக்காரன், அவனுக்கு எதுவும் ஆகாது. இரண்டையும் எடைபோட்டேன். எடைபோடுவதுதானே என் தொழில். தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாட்டை மட்டும் விதிப்படி நிறுத்திவைத்தேன். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது.

பிறகு நடந்ததை லிபெர்துஸ் மருத்துவமனையில் சொல்லியிருப்பான். கம்பியைப் பாதி சுருட்டியாகிவிட்டது. மேலே சிக்கியிருந்த ஒரு சுற்று நழுவி, காற்றோடு வந்து, உசோப்பின் தோளில் விழுந்தது. அங்கே சதுப்பு நிலத்துக் கரி மண். கோடையிலும் ஈரம் காயாது. அவன் பூட்ஸ் நனைந்திருந்தது.

எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். ரிலே அறையில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எர்த் ரிலேயின் ஆரஞ்சுக் கொடி விழுந்திருந்தது. அத்தனை சின்ன மிச்சத்தை அது அத்தனை வேகமாகப் பிடித்திருந்தது. நாக்கு இழுபட்டபடி அதிர்ந்துகொண்டே இருந்தது. செய்தி போய்ச் சேரவில்லை அல்லவா, அதனால் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் கம்பி உருகி அறுந்திருக்கும், நாக்கு அடங்கியிருக்கும். அன்று அடங்கவில்லை. முரட்டுக் கம்பி என்று உசோப் சொன்னது நினைவுக்கு வந்தது.

என் முன்னால் பிரேக்கரைக் கையால் திறக்கும் திருகுபிடி இருந்தது. அதன்மேல் கையை வைத்தேன். திருப்பினால் லைன் விழும். ஏன் திருப்பினாய் என்று கேட்பார்கள். ரிலே ஏன் தானாக லைனை விழவைக்கவில்லை என்று அடுத்து கேட்பார்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தேன். இதற்குள் அவனைப் பிடித்து இழுக்க லிபெர்துஸ் ஓடியிருக்கிறான். அது எனக்குத் தெரியாது. ஆனால் மிச்சம் திடீரென்று கூடியதை அளவுமானி காட்டியது. யாரோ இன்னொருவரும் தொட்டிருக்கவேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

கையை எடுத்துவிட்டேன்.

கடைசியில் விளக்கு போனது. பக்கத்து நிலையத்தில் எங்களுக்குப் பின்காவலாக இருக்கும் ரிலே, நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பிரேக்கரைத் திறந்துவிட்டது. நகரம் முழுக்க இருட்டானது. எங்கள் அறையில் பேட்டரி விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் லிங்கை முறுக்கினேன். ஒரே முறையில் திருப்புளி பொருந்தியது. பதினெட்டு வருடப் பழக்கம்.

உசோப் அங்கேயே இறந்துவிட்டான். லிபெர்துஸுக்கு இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜனாஸாவைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவன் நான். மூன்றாம் நாள் துஆவுக்கும் போனேன், ஏழாம் நாளும் போனேன். ருக்காயா சமைத்த சோற்றைச் சாப்பிட்டேன். அன்று எல்லோரும் எழுந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"பாங், அந்த மெஷின் கடைசி நேரத்துல ஏமாத்திடுச்சுன்னு பேசிக்கிறாங்களே. மெய்யா?"

"ஆமாம்மா."

"அவரு உங்க ரிலேயப் பத்தி ஓயாமப் பேசுவாரு. எம்மேல வெச்ச நம்பிக்கையவிட அதும்மேலதான் அதிகம்னு நான் கேலி பண்ணுவேன். நீங்க கூட இருந்து பாத்துக்கிட்டும் அது ஏமாத்துமா பாங்?"

"பழைய மெஷின்மா. சில நேரம் அப்படித்தான்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தப் பதில் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினெட்டு வருடம் என் கூட இருந்த ரிலேயைப் பற்றி அவளிடம் அபாண்டம் சொல்லிவிட்டேன்.

உங்கள் ஆட்கள் வந்து அதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் சரியாக வேலை செய்தது. செய்யாமல் என்ன? ஆனால் இது எப்போதாவது வந்துபோகிற பழுது, கண்டுபிடிக்க முடியாத பழுது என்று நீங்கள் முடிவுக்கு வந்திருப்பதாக பாக் வார்தோயோ சொன்னார். நாளை அதைக் கழற்றப்போகிறீர்கள், மாகாணத்தில் அந்த வகை ரிலே எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடப்போகிறீர்கள் என்றும் சொன்னார். அவர் சொல்லிவிட்டுப் போன பிறகு ரிலே அறைக்குப் போய் அதன் முன்னால் நின்றேன். கொடி தூக்கியிருந்தது. நாக்கு அசையாமல் இருந்தது. தன்மேல் என்ன பழி வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, தெரியும். வராமல் இருந்திருக்கலாம்.

எழுதிக்கொள்ளுங்கள். எர்த் ரிலேயில் பழுது இல்லை. லிங்கைத் தளர்த்தியவன் நான், அது தளர்ந்திருப்பது தெரிந்தே உசோப்புக்குப் பதில் சொன்னவன் நான், திருகுபிடியிலிருந்து கையை எடுத்தவன் நான், பிறகு லிங்கை முறுக்கி மறைத்தவனும் நான். கீழே கையெழுத்துப் போடுகிறேன். போலீஸ்காரர் எப்போது கூப்பிட்டாலும் எழுந்து வருகிறேன்.

ஒன்றே ஒன்று. அன்றைய மின்தடையை எங்கள் நிலையத்தின் பெயரில் பதிவு செய்திருக்கிறீர்கள். அதைத் திருத்தவேண்டும். விழுந்தது பக்கத்து நிலையத்தின் பிரேக்கர். எங்கள் லைன் அந்தப் பருவம் முழுக்க ஒருமுறைகூட விழவில்லை.